பேஸ் கம்பி துடைத்த காலம்

என் வீட்டுக்காரருக்குக் கை வேர்க்கும். சாதாரண வேர்வை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் பலாங்கொடை டவுனில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "பிழியாத துணியப் புடிச்ச மாதிரி இருக்குங்க" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவருக்கு ரோசம் கொஞ்சம் அதிகம்; அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

அந்த வேர்வையால் எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டதெல்லாம் கம்பிகள்தான். தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் வேலை, சனி ஞாயிறு வந்தால் பாண்டில் பேஸ் கிட்டார். பேஸ் என்றால் பலருக்குத் தெரியாது. நாலே கம்பி, ஒவ்வொன்றும் நல்ல தடிமன், பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டே இருக்கும். பாடுகிறவனைப் பார்ப்பார்கள், ட்ரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள், இவர் ஒரு ஓரத்தில் நிற்பது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் இவர் ஒரு நிமிசம் கையை எடுத்தால் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறவன் தடுமாறிப்போவான். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழா, சிங்கள ஆட்களின் கல்யாண வீடு, பன்சலை என்கிற புத்த கோயில் கச்சேரி, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். "தவ எக்கக்! தவ எக்கக்!" என்று கீழே இருந்து கத்துவார்கள், இன்னொன்று வேண்டும் என்று. அப்போது இவர் முகத்தில் வரும் சிரிப்பை வீட்டில் நான் என்ன சமைத்துப் போட்டாலும் பார்க்க முடியாது. அதில் எனக்கு எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு.

அந்தக் கையும் எங்கள் ஊர் மழையும் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? தோட்டத்து வரிசை வீடுதானே, எங்கள் லயத்தில் மழைக்காலம் வந்தால் சுவரே வேர்க்கும். புதுக் கம்பி போட்டுக் கொஞ்ச நாளில் அதன் நெளிவுகளுக்குள் அழுக்கும் துருவும் ஏறி, சத்தம் செத்துப்போகும். "டொக்கு டொக்குன்னு மரத்தத் தட்டுற மாதிரி இருக்கு" என்பார். பிறகு கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, என் சோற்றுச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார். பேஸ்காரர்கள் எல்லாம் அப்படிச் செய்வார்களாம். கொதித்தால் அழுக்கு கழன்று, கொஞ்ச நாளைக்கு உயிர் வருமாம். தண்ணீர் மேலே கறுப்பாக ஒரு ஆடை மிதக்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதுலதான்ங்க நாளைக்குச் சோறு ஆக்கணும்!"

"கழுவிட்டு ஆக்கு. என் கை அழுக்குதானே, யாரோ எவரோடதா?"

இப்படி ஒரு மனுசனிடம் என்ன பேசுவது.

எங்கள் மகள் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன பிறகுதான் சட்டிக்கு விடிவு வந்தது. முதல் லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு கவுன், அப்பாவுக்கு ஒரு சின்னப் பெட்டி. பிரித்தால் உள்ளே கம்பி. "இது கோட்டிங் போட்டதுப்பா. வேர்வ உள்ள போகாதாம். ஆனா இத அவிக்கக் கூடாது" என்றாள். கடையில் சொன்னதைப் பாடம் மாதிரி ஒப்பித்தாள். இரும்புக் கம்பி மேல் மெல்லிசாக ஒரு தோல் போர்த்தியிருக்கிறதாம். வெங்காயத்தின் உள்தோல் அளவுக்குத்தான் இருக்குமாம். அது கிழியாத வரைக்கும் கம்பிக்குச் சாவு கிடையாதாம். கொதிக்க வைத்தாலும், வினிகர் ஸ்பிரிட் என்று எதையாவது போட்டு அழுத்தித் தேய்த்தாலும், அந்தத் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக நூல் தொங்க ஆரம்பிக்குமாம்.

இவர் அந்தக் கம்பியைப் போட்டு ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கவே இல்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த தகரப் பெட்டிகூட அதிர்ந்தது. "இவ்வளவு நாளா நான் செத்த கம்பியிலதான்டி வாசிச்சிருக்கேன்" என்றார். மகளைக் கிட்டே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அப்படித் தடவி நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்பிகளுக்கு நடந்த ராஜ உபசாரம் எனக்கு ஒரு நாள் நடந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். வாசிக்கும் முன்னால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். வாசித்து முடித்ததும் துடைப்பார். அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டார்.

ஒரு நாள் காலையில் பீலிக்கரையில் முகம் கழுவப் போனவர் கையில் இருந்த கோப்பை கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. த்ரீவீலில் போட்டு மடியில் தலையை வைத்துக்கொண்டு பலாங்கொடைக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இரத்தினபுரிக்கு. பாரிசவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இடது பக்கம் விழுந்துவிட்டது.

இடது கைதான் பேஸில் கம்பியை அமுக்குகிற கை. வலது கை தட்டினாலும் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று சொல்வது இடது கை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் கடவுளோடு சண்டை போட்டேன். எடுத்ததுதான் எடுத்தாய், பார்த்துப் பார்த்து அந்தக் கையைத்தானா எடுப்பாய்? பக்கத்துக் கட்டில் ஐயா பயந்துபோய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற நோனா ஒருத்தர் வார்டுக்கு வருவார். சிங்களத்தில்தான் பேசுவார், நல்ல மனுசி. தினமும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். "டிக டிக ஹரியாவி, நங்கி" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், தங்கச்சி. அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பேச்சு மெல்லத் திரும்பியது. கோலை ஊன்றி நாலு எட்டு நடந்தார். கை மட்டும் மடியில் கிடந்தது. நான் பிள்ளைமடுவத்தில் வேலை, கொழுந்துக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்ப்பது. காலையில் அங்கே போவதற்கு முன்னால் சுடுதண்ணீரில் துணி நனைத்து அந்தக் கைக்கு ஒத்தடம் கொடுத்து, விரலை ஒவ்வொன்றாக இழுத்து விரிப்பேன். மடக்குவேன். திரும்ப விரிப்பேன். பிள்ளைகளுக்குச் சொல்கிற பாட்டையே அவருக்கும் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று கேலி செய்வேன்.

ஒரு நாள் சுவரில் தொங்கிய கிட்டாரைத் தற்செயலாகப் பார்த்தேன். தோல் பட்டியில் பூஞ்சணம் பச்சையாகப் பிடித்திருந்தது. கம்பிகள் மேல் ஒரு மங்கல். இவர் கை சரியாகி எழும்புகிற நேரத்தில் கம்பி செத்துக் கிடந்தால்? சேலை முந்தானையால் ஒரு இழு இழுத்தேன்.

"ஏய்!"

பாரிசவாதம் வந்த பிறகு அவர் போட்ட முதல் பெரிய சத்தம் அதுதான்.

"கை கழுவினியா?"

"சம்பல் அரச்ச கைதான். கழுவிட்டுத்தான் வந்தேன்."

"மோந்து பாரு."

மோந்து பார்த்தேன், வெங்காயம் மணத்தது. போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்லாத் துடைத்து, வந்து கையை நீட்டிக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி நின்றேன். கோணல் வாயோடு என்னை அதிகாரம் பண்ண ஆரம்பித்தார். நல்லா நைந்த பருத்தித் துணி வேண்டும் என்றார். அவருடைய பழைய சாரம் ஒன்றைக் கிழித்தேன். துணியைக் கம்பிக்கு அடியில் விட்டு, மேலேயும் கீழேயும் சேர்த்து இரண்டு விரலால் பிடித்து, தலைப் பக்கம் இருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு கம்பி முடித்துவிட்டுத்தான் அடுத்த கம்பி. அடிப்பக்கத்தில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை என்றார். அழுக்கு வராவிட்டால் துணியைத் தண்ணீரில் தொட்டு நன்றாகப் பிழிந்து, ஈரம் இருக்கா இல்லையா என்ற பதத்தில் ஒரு இழு. உடனே காய்ந்த துணியால் இன்னொரு இழு. அவ்வளவுதான். எண்ணெய், சாம்பல், தேசிக்காய்ப் புளி எதுவும் கூடாது.

"தேங்கா எண்ண கொஞ்சமா தொட்டு—"

"ஒன் தலைக்கு வையி."

நான் சிரித்தேன். அவரும் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு எங்கள் காம்பராவில் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்றே முடிவு செய்துவிட்டேன், இனித் தினமும் துடைக்க வேண்டும் என்று.

அப்படியே செய்தேன். காலையில் விரல், பின்னேரம் கம்பி. டவுனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை எனக்காகச் சேர்த்து வைத்துத் தருவார். அவற்றைக் கிட்டார் பைக்குள் போட்டேன். கம்பி திரும்ப மினுங்கியது. இரண்டு இடத்தில் தோல் தேய்ந்து மெல்லிசாக இருந்ததைக்கூட எனக்கு இப்போது கை சொல்லும். துடைத்து முடித்துவிட்டு, "வலது கையால சும்மா ஒரு தட்டு தட்டுங்களேன், கேப்போம்" என்பேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். "வாசிச்சா முழுசா வாசிக்கணும்" என்பார். நியாயம்தானே என்று விட்டுவிடுவேன்.

ட்ரம்ஸ் அடிக்கிற தம்பி சிங்களவர், அடிக்கடி பார்க்க வருவார். பாண்டுக்கு இப்போது வேறொருவரைத் தற்காலிகமாகப் பிடித்திருப்பதாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"தற்காலிகம்தானே? சரஸ்வதி பூஜ வரைக்கும் வச்சுக்குங்க. பூஜைக்கு மறுநாள் இவரு வாசிப்பாரு. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"ஹரி, அக்கே" என்றார் அவர், சரி அக்கா என்று. இவரைப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சரஸ்வதி பூஜைக்குத் தொழில் சாமான்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துவிட்டால் அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். கவ்வாத்துக் கத்தி என்றால் ஒரு கிளை வெட்டுவார்கள், தையல் மெசின் என்றால் ஒரு தையல் போடுவார்கள். பேஸ் என்றால் ஒரே ஒரு சத்தம். ஒரு விரல் அமுக்கினால் போதும், ஒரு சத்தம் வந்துவிடும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் அத்தனை மாதமும் எழும்பினேன். லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். கொழும்பில் மகளும் லீவு கேட்டு வைத்தாள்.

பூஜை கிட்ட வந்த ஒரு காலையில் மோதிர விரல் அசைந்தது. சத்தியமாக என் கண்ணால் பார்த்தேன். மடியில் கிடந்த கை துள்ளி, விரல் ஒரு நெல்லளவு உள்ளே மடிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பராக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை அசையும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது அசையும்.

பூஜையன்று மழை விட்டிருந்தது. பின்னேரம் வாசல் திண்ணை இஸ்தோப்பில் பெஞ்சைக் கழுவிப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படம் வைத்து, இவருடைய பேக்டரிச் சாவிகள், மகளின் பழைய புத்தகங்கள், நான் பிள்ளைகளுக்குப் பால் அளக்கிற கோப்பை, எல்லாம் வைத்தேன். கிட்டாரைக் கடைசித் தடவையாகத் துடைத்தேன். ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்து. துணியில் அழுக்கே வரவில்லை. பெஞ்சில் சாய்த்துவிட்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். கிட்டாருக்குப் பொட்டு வைப்பது எப்போதும் அவர்தான். மரத்தில் ஒரு ஓரத்தில், உளுந்தளவு. கம்பிப் பக்கம் சந்தனம் தெறித்தாலே சத்தம் போடுவார்.

கடலை அவிந்ததா என்று பார்க்க உள்ளே போனேன். தட்டோடு திரும்பி வந்தபோது, கிட்டாரை மடியில் இழுத்து வைத்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரைக்கும் சந்தனம். கிண்ணம் காலி. நாலு கம்பியிலும் மேலிருந்து கீழ் வரைக்கும், அப்பம் சுடுகிற மா மாதிரி, அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்.

"ஐயோ! என்னாங்க பண்றீங்க! கம்பி! கம்பியில படுதுங்க!"

"தெரியும்."

தட்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. துணியைத் தேடி ஓடினேன். ஈரத்தோடு இருக்கும்போது துடைத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் தோல் கிழியும், தேய்ந்த இரண்டு இடத்தில் உள்ளேயே இறங்கிவிடும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். துணியோடு வந்து குனிந்தேன். அவர் வலது கையைக் கம்பிகள் மேல் விரித்து மறைத்தார்.

"தொடைக்காத."

"கைய எடுங்க, காயிறதுக்குள்ள எடுத்துர்றேன். நாளைக்குச் சத்தம் வராதுங்க!"

"நாளைக்குச் சத்தம் இல்ல."

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? ஊரே வருது! புள்ள லீவு போட்டுட்டு வருது! பாண்டு ஆளுங்க—"

"அவங்க வரமாட்டாங்க. நான் முந்தியே சொல்லிட்டேன். அந்தப் பையனையே வச்சுக்கச் சொல்லிட்டேன். புள்ளைக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. கோபத்தில் எனக்குக் காது அடைத்தது.

"அப்ப நான் யாருங்க ஒங்களுக்கு? எங்கிட்டச் சொல்ல முடியலையா?"

"நீ தொடச்சிக்கிட்டு இருந்தே. ஒங்கிட்ட எப்படிடி சொல்றது?"

"வெரலு அசையுதே! தெனம் அசையுதே! நான் பார்த்தேனே!"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அது வெரலு இல்ல. நான் தோள்பட்டையத் தூக்கித் தள்ளுவேன். கை துள்ளும். ஒனக்குச் சந்தோசமா இருந்திச்சி, அதுக்குத்தான்."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

"அப்படித் தோளத் தூக்குனா உயிரு போயிரும்" என்றார். "காலையில நீ விரிக்கிறப்பவும் அப்படித்தான். போதும்டி. எனக்கு வலிக்குது."

வலிக்கிறது. இத்தனை மாதமாக ஒவ்வொரு காலையும், நான் பாட்டுப் பாடிப் பாடி அந்த விரல்களை இழுத்தபோதெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அது தூக்கம் இல்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுசா!" என்று கத்தினேன். அப்படி அவரை நான் ஒரு நாளும் ஏசியதில்லை. வாசலில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவரும் அழுதார். மடியில் கிட்டார் அப்படியே கிடந்தது, சந்தனம் ஓரங்களில் வெளுத்துக் காய ஆரம்பித்தது. நான் துணியை எடுக்கவில்லை.

பழக்கதோசத்தில் அவருடைய இடது கையை எடுக்கப் போனேன். பாதியிலேயே என் கை நின்றுவிட்டது. தினமும் பிடித்த கை, இப்போது எந்த இடத்தில் தொடுவது என்று தெரியவில்லை.

"எங்க புடிச்சா வலிக்காதுங்க?" என்று கேட்டேன்.

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"எங்க புடிச்சாலும் வலிக்கும்" என்றார். "புடி."